பக்கத்திலேயே நில்லு, அம்மணி

அன்பு அம்மணி யாழினிக்கு,

அப்புச்சி எழுதிக்கொள்வது. அம்மிச்சிக்கு முழங்கால் வலி போன மாதத்துக்கு இந்த மாதம் தேவலை. அதற்குள் மாடிப்படி ஏறி வடகம் காயப்போட ஆரம்பித்துவிட்டாள். சொன்னால் கேட்கிற ஆளா அவள்? நீயும் அவள் பேத்திதானே.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோவை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் லேசர் மெஷின் உன் வீட்டு மாடலுக்கு ஜன்னல் ஜன்னலாக வெட்டித் தள்ளுகிறது. அம்மிச்சி ஜன்னலைப் பார்த்து, "இத்தனை ஜன்னல் வைத்தால் யார் துடைப்பது?" என்றாள். நான் பார்த்தது மெஷினின் மூடியை. அது அரைச் சாண் திறந்து கிடக்கிறது, உள்ளே வெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மூடியைத் தூக்கினால் கதிர் அந்த நொடியே நிற்க வேண்டும். அதற்கென்றே ஓரத்தில் ஒரு சென்சார் உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சென்சார் மேல் செலோடேப் போட்டு ஒரு காந்தத் துண்டை ஒட்டி வைத்திருக்கிறார்கள். மூடி மூடித்தான் இருக்கிறது என்று மெஷினை நம்ப வைக்கிற வேலை.

நீ ஒட்டியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். உனக்கு முன்னால் படித்த எவனோ, அடிக்கடி மூடியைத் திறந்து மூடச் சோம்பல்பட்டு ஒட்டியிருப்பான். போனில் சொன்னால் "சரி அப்புச்சி, சரி அப்புச்சி" என்று வைத்துவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். மடித்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள். வெட்டுகிற கதிர் கண்ணுக்குத் தெரியாது. தகட்டின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி நகர்கிறதே, அது வழிகாட்டும் விளக்கு மட்டும். எங்கே வெட்டப்போகிறது என்று நமக்குக் காட்டுவதற்காகத் தனியாகப் பொருத்தியது. வெட்டுகிற கதிர் அகச்சிவப்பு, 10.6 மைக்ரான் அலைநீளம். நம் கண்ணுக்கு எட்டுகிற வெளிச்சத்தைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் நீளம். மெஷினின் பின்பக்கம் ஆளுயரத்துக்குப் படுத்திருக்கிற கண்ணாடிக் குழாயைப் பார்த்திருப்பாய். அதற்குள் கரியமில வாயு, நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் கலந்து இருக்கும். அதில் மின்சாரம் பாயும்போதுதான் கதிர் பிறக்கிறது. அந்தக் குழாய்க்குப் போகிற வயரில் இருபதாயிரம் வோல்ட் வரை இருக்கும். ஆகவே பின்பக்கக் கதவை நீ எக்காரணம் கொண்டும் திறக்காதே. சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இந்த வகை லேசரைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர் தெரியுமா? குமார் படேல். மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்தவர், புணே இன்ஜினியரிங் காலேஜில் படித்தவர். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து 1964-இல் இதைச் செய்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயசு. உன்னைவிட ஆறேழு வயசுதான் மூத்தவர். (இதை எழுதும்போது உன் இரண்டாம் செமஸ்டர் பிசிக்ஸ் மார்க் ஞாபகம் வருகிறது. வரட்டும், இப்போது வேண்டாம்.)

உங்கள் மெஷின் அறுபது வாட்டா, எண்பது வாட்டா? அறுபது வாட் என்றால் நம் பழைய பூஜை அறையில் எரிந்த குண்டு பல்பின் கணக்குத்தானே என்று தோன்றும். பல்பு அறை முழுக்க இறைத்ததை இது மிளகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு புள்ளியில் கொட்டுகிறது. அதனால்தான் மரம் கரிகிறது, அக்ரிலிக் ஆவியாகிறது. அதே கதிர் ஏதாவது பளபளப்பான இடத்தில் பட்டுத் திரும்பிக் கண்ணில் விழுந்தால் கருவிழியின் மேல்படலம் வெந்துபோகும். லேசர்களை ஆபத்து அளவைப் பார்த்து வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது நான்காம் வகுப்பு, அதற்கு மேல் வகுப்பே கிடையாது. மூடி மூடியிருக்கும்போதுதான் முழு மெஷினும் முதல் வகுப்பாகிறது, பக்கத்தில் சாதாரணமாக நிற்கலாம். இரண்டுக்கும் நடுவே இருக்கிறது அந்த சென்சார் ஒன்றுதான். அதன் தலையில்தான் காந்தம்.

அதை நீயாகப் பிய்த்து எறிந்துவிட்டு சீனியர்களோடு சண்டைக்கு நிற்காதே. ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒருத்தர் இருப்பார் இல்லையா, காலையில் கூட்டம் சேருமுன் அவரிடம் போய், "அண்ணா, மூடி திறந்தும் மெஷின் ஓடுது, ஒரு தடவை பாருங்க" என்று மட்டும் சொல். யார் செய்தது என்கிற பேச்சையே எடுக்காதே. மெஷின் பழுது என்றால் அவர் பொறுப்பு, உடனே பார்ப்பார். பையன்கள் மேல் புகார் என்றால் பஞ்சாயத்து ஆகிவிடும், காந்தமும் அங்கேயே இருக்கும். அவர் கண்டுகொள்ளாவிட்டால் உங்கள் மேடத்திடம் போ. அதுவரை அந்த மெஷினில் வேலை வேண்டாம். ஜன்னலைக் கட்டர் வைத்துக் கையால் வெட்டிக்கொள்.

கையால் வெட்டுவது என்ன பெரிய விஷயம்! நான் கடை போட்ட காலத்தில் பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் கையால்தான். அக்ரிலிக்கில் எழுத்தை ஒட்டி, வில் ரம்பத்தில் மெல்ல மெல்ல அறுத்து, ஓரத்தை அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, குளோரோஃபார்மை ஊசியில் எடுத்து இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டுவோம். 'ழ' என்ற ஓர் எழுத்துக்கு அரை நாள் போகும். உன் பெயரில் 'ழ' இருப்பதால் நீ கொஞ்சம் காஸ்ட்லியான பேத்தி. பிறகு கடைக்கு லேசர் வந்தது. அரை நாள் வேலையை அரை நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தது. பையன்கள் பட்டனைத் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போகப் பழகினார்கள்.

எங்கள் மேஸ்திரி மட்டும் போகமாட்டார். பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார், உட்கார்ந்து கால் மரத்துப்போனால் எழுந்து நிற்பார். "மேஸ்திரி, அதுவே வெட்டும், நீங்க எதுக்குக் காவல்?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். "அதுவே வெட்டும்டா, அதுவே அணைக்காதே" என்பார் அவர். காலையில் வந்ததும் அவருக்கு முதல் வேலை தேன்கூடு மாதிரி இருக்கிற அந்த மேஜைத் தட்டைத் தூக்கி, அடியில் விழுந்து கிடக்கிற சில்லுகளை வழித்து எடுப்பது. கரிந்த மரத்தூள், அக்ரிலிக் பொட்டு, பேப்பர் துணுக்கு எல்லாம் அங்கேதான் சேரும். மேலே சின்னதாகப் பற்றியது கீழே விழுந்தால் பெரிதாக எரிவதற்கு விறகு அங்கே தயாராக இருக்கும். வழித்த பிறகு குனிந்து ஒரு தடவை மோந்து பார்ப்பார். முந்தின நாள் யார் எதைப் போட்டு வெட்டினார்கள் என்று அதிலேயே சொல்லிவிடுவார்.

லேசர் மெஷினில் அதிகம் வருகிற விபத்து தீதான், அம்மணி, கதிர் இல்லை. அக்ரிலிக் என்பது எரிபொருள் மாதிரிதான். பற்றினால் அதிகம் புகையாமல் எரியும், உருகிக் கீழே விழுந்து அங்கேயும் எரியும். வெட்டும்போது தகட்டில் தீக்குச்சி அளவுக்கு ஒரு சுடர் எழும், வெட்டுத் தலை நகர்ந்ததும் அடங்கிவிடும். அது சகஜம். தலை நகர்ந்த பிறகும் அதே இடத்தில் சுடர் நின்றால் அது தீ. இந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் நிற்பவள்தான் பார்க்க முடியும். போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு நிற்பவளும் பார்க்க முடியாது. பாவாடைக்கு இஸ்திரி போடும்போது தோழியோடு போன் பேசி, முக்கோணமாக ஓட்டை போட்டவள் நீ. அந்தப் பாவாடையை அம்மிச்சி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள், உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டுவதற்காம்.

தீ நின்றால் என்ன செய்வாய்? முதலில் வெட்டை நிறுத்து. சின்னது என்றால் மூடியைத் திறந்து ஈரத்துணியால் அமுக்கு, அல்லது தண்ணீர் தெளி. அதற்குத் தெளிப்பான் பாட்டில் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். கைக்கு மீறுகிறது என்று ஒரு சந்தேகம் வந்தாலே சிவப்புப் பட்டனை அடி, மெயின் சுவிட்சை அணை, மூடியைத் திறக்காதே, அண்ணனைக் கூப்பிடு. தீயணைப்பான் கரியமில வாயு நிரப்பியதாக இருந்தால் நல்லது. பவுடர் வகை என்றால் கண்ணாடியும் லென்சும் வீணாகும். ஆனால் பவுடர்தான் கையில் இருக்கிறதென்றால் தயங்காமல் அடி. மெஷின் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள். அதுவும் முடியவில்லை என்றால் வெளியே வந்து 101-க்குப் போன் பண்ணு. அந்தத் தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது, பவுடர் வகை என்றால் முள் பச்சையில் இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பார்.

தீ வருவதற்குக் காரணம் பல நேரம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். கோரல் டிராவில் ஒரு ஜன்னலைக் காப்பி எடுத்து ஒட்டும்போது தெரியாமல் இரண்டு கோடு ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். திரையில் ஒரே கோடாகத்தான் தெரியும். மெஷின் அதே பாதையில் இரண்டாம் முறையும் போகும், ஏற்கெனவே வெந்த இடம் பற்றிக்கொள்ளும். வெட்டுக்கு அனுப்புமுன் ஒரு கோட்டைப் பிடித்து நகர்த்திப் பார். அடியில் இன்னொன்று இருந்தால் அழி. அதேபோல உள்ளே இருக்கிற ஓட்டைகளை முதலில், வெளி ஓரத்தைக் கடைசியில் வெட்டச் சொல். வெளி ஓரம் முதலில் வெட்டுப்பட்டால் துண்டு நழுவிச் சாயும், அப்புறம் ஜன்னலெல்லாம் கோணல். காற்று அடிக்கிற கம்ப்ரஸரை சத்தம் என்று அணைக்காதே. வெட்டுகிற இடத்தில் சுடரை ஊதி அடக்குவதும், லென்சில் புகை ஏறாமல் காப்பதும் அந்தக் காற்றுதான்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படி, ஏனென்றால் உங்கள் ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வரும். மாடல் செய்ய சன்போர்டு வாங்குகிறீர்கள் இல்லையா, வெள்ளையாக, லேசாக, கட்டரில் அழகாக வெட்டுப்படுமே. கடையில் சன்போர்டு என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் பிவிசி நுரைத் தகடு. அதை லேசரில் வைக்கவே கூடாது. பிவிசியில் குளோரின் இருக்கிறது. சூடுபட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வரும், காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாவற்றையும் அரிக்கும். மெஷினின் தண்டவாளத்தையும் விடாது, துரு பூக்க வைத்துவிடும். ஃபிளெக்ஸ், வினைல் ஸ்டிக்கர், பல ரெக்ஸின்கள் எல்லாம் இதே குடும்பம். புகைபோக்கி ஓடுகிறதே, பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

சந்தேகத் தகடு வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. தடித்த செம்புக் கம்பியை இடுக்கியில் பிடித்து, சுடரில் பச்சை நிறம் ஏதும் இல்லாமல் போகும்வரை காய்ச்சு. சிவக்கச் சுட்டதும் அந்தத் தகட்டின் ஓரத்தில் லேசாகத் தொடு, கொஞ்சம் பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளும். திரும்பச் சுடரில் காட்டு. சுடர் பளிச்சென்று பச்சையாக மாறினால் உள்ளே குளோரின் உண்டு, அந்தத் தகடு வெளியே போகட்டும். இதை வெட்டவெளியில், காற்று உன் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, அண்ணன் கூட இருக்கும்போது செய். ஹாஸ்டல் ரூமில் செய்தால் வார்டன் உன்னை எனக்கே பார்சல் பண்ணிவிடுவார்.

பாலிகார்பனேட் இன்னொரு தொல்லை. கண்ணாடி மாதிரி இருப்பதால் அக்ரிலிக் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். வெட்டாமல் மஞ்சளாகக் கருகிப் பற்றிக்கொள்ளும். மெல்லிய ஓரத்துண்டை வளைத்துப் பார்த்தால் பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும், அக்ரிலிக் பட்டென்று உடையும். வளைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். தெர்மாகோல் உருகி எரியும், அதுவும் வேண்டாம். எம்.டி.எஃப்., பிளைவுட் வெட்டலாம். ஆனால் அதில் இருக்கிற பசையில் ஃபார்மால்டிஹைடு உண்டு. முடிந்ததும் ஆவலாகத் திறந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதே. புகைபோக்கி உள்ளே இருப்பதை இழுத்து முடிக்க ஒரு நிமிஷமாவது கொடு. அந்தப் புகைக்குழாய் வெளியே எங்கே திறக்கிறது என்றும் பார்த்து வை. தாழ்வாரத்தில் திறந்தால் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் சுவாசிப்பார்கள்.

லென்ஸைக் கையால் தொடாதே. விரல் எண்ணெய் பட்ட இடம் கதிரால் சூடேறி லென்ஸ் வெடித்துப்போகும். அது துத்தநாக செலினைடு, உடைந்தால் அந்தத் தூள் விஷம். உடைந்தால் பெருக்கித் தள்ளாமல் அண்ணனிடம் சொல்லிவிட்டு ஒதுங்கு. குழாயைக் குளிர வைக்கிற சில்லர் ஓடுகிறதா, தண்ணீர் சுற்றுகிறதா என்று தொடங்குமுன் பார்க்க வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் தண்ணீரை ரொம்பவும் குளிர வைத்தால் குழாயின் மேல் வேர்க்கும். அத்தனை வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஈரம் ஆகாது. இதெல்லாம் அண்ணன் பார்ப்பார், ஆனால் நீயும் கேட்டுக்கொண்டே இரு. கேட்கிறவள் என்று பெயர் எடுப்பதில் ஒரு தப்பும் இல்லை.

இன்னொரு மெஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் பம்பு, மோட்டார் கம்பெனிகளில் தகடு வெட்டுகிற ஃபைபர் லேசர். உனக்கும் இன்டர்ன்ஷிப்பில் எங்காவது எதிர்ப்படும். அதன் கதிரின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல். உன் மெஷினின் கதிரை அதன் அக்ரிலிக் மூடி தடுத்துவிடும், ஃபைபர் லேசரின் கதிரோ தெளிவான அக்ரிலிக்கை ஊடுருவிக்கொண்டு வரும். கண்ணுக்குள்ளும் நேராகப் போய், விழித்திரையில் குவியும். கருவிழியோடு நிற்காது. அதற்குரிய கண்ணாடியே வேறு. ஒன்றுக்கு வாங்கிய கண்ணாடியை இன்னொன்றுக்கு மாட்டிக்கொண்டு போய் நிற்காதே.

எனக்கு உண்மையில் பயம் பகல் வேளையைப் பற்றி இல்லை, சப்மிஷனுக்கு முந்தைய ராத்திரியைப் பற்றித்தான். உங்கள் படிப்பில் தூக்கம் கெடுவதை ஒரு பெருமையாகவே பேசுகிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, மெஷின் அறையில் ஏழு பேர் வரிசையில் நிற்க, வேகத்தைக் குறைத்து சக்தியைக் கூட்டி ஒரே வெட்டில் முடிக்கலாம் என்று ஒருத்தன் சொல்வான். கண் சொக்கியபடி நீயும் தலையாட்டுவாய். அந்த நேரத்தில் துப்பட்டாவும் பிரித்துவிட்ட தலைமுடியும் எங்கே தொங்குகின்றன என்றுகூடத் தெரியாது. வெட்டு வேலையை சப்மிஷனுக்கு இரண்டு நாள் முன்னால் முடித்துவிடு. கடைசி ராத்திரிக்கு ஒட்டுகிற வேலையை வைத்துக்கொள். தனியாக மட்டும் ஓட்டாதே, ஒருத்திக்குப் பாத்ரூம் போக வேண்டும் என்றால் இன்னொருத்தி நிற்க வேண்டும். யாரும் இல்லை என்றால் வெட்டை நிறுத்திவிட்டுப் போ. நிறுத்தின இடத்திலிருந்து மறுபடி ஓட்ட முடியாமல் ஒரு தகடு வீணானால் அதற்கு அப்புச்சி பணம் அனுப்புகிறேன்.

வடகத்தோடு ஒரு பார்சல் அனுப்புகிறேன். அதில் ஒரு முழம் செம்புக் கம்பி இருக்கும். என் பழைய வெர்னியர் காலிப்பரும் இருக்கும், எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். 3 மில்லி என்று விற்கிற ஷீட் சரியாக 3 மில்லி இருப்பது அபூர்வம். கொஞ்சம் குறைவாகவோ கூடுதலாகவோ, ஒரே ஷீட்டில் இடத்துக்கு இடம் மாறியும் இருக்கும். நாலு மூலையிலும் அளந்து எழுதிக்கொண்டு, பிறகு சுவரைச் செருகுகிற காடியை வரைந்துகொள். கதிர் தின்னுகிற அகலம் ஒன்று இருக்கிறது, 0.1 முதல் 0.2 மில்லி வரை போகும், தகட்டுக்குத் தகடு மாறும். மீந்த துண்டில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி அளந்தால் அது தெரிந்துவிடும். அதைக் கழித்து வரைந்தால் உன் சுவர் பசையே இல்லாமல் தரையில் இறுகி நிற்கும். வெர்னியரின் பெட்டி மூடி கொஞ்சம் தளர்வு, தலைகீழாகப் பிடித்துத் திறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்புச்சி